காணாமல் போன எச்சம்

எங்கள் தெருவில் ஒருவர் மேல் சந்தேகம் வர, அவர் தப்பு செய்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சுத்தமாக இருந்தால் போதும். ஆஞ்சலாக்கா மாட்டிக்கொண்டது அப்படித்தான்.

ஆஞ்சலாக்கா என் எதிர்வீடு. பெங்களூர் லிங்கராஜபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர், ஒரு கான்வென்டில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட கோழிக்கூண்டு ஒன்று வைத்திருக்கிறார். அதில் ஆறு நாட்டுக்கோழிகள். ஒரு சேவலும் இருந்தது. அதைத் தெருநாய் தூக்கிக்கொண்டு போன அன்றே, இருந்த முட்டைகளையெல்லாம் பொறுக்கிப் புள்ளி என்கிற கோழியின் கீழே அடைவைத்துவிட்டார். சேவலின் வம்சம் என்று மிச்சமிருந்தது அந்த முட்டைகள்தான். அவை குஞ்சாகிவிட வேண்டுமென்று மாதா படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தியும் எரிந்துகொண்டிருந்தது.

கூண்டு இருப்பது தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது, நாற்றமே வராது என்பதால். கோழிகள் ஏறி உட்காரும் மூங்கிலுக்குக் கீழே ஒரு ஃப்ளெக்ஸ் பேனரை விரித்திருப்பார். ஏதோ ஒரு தலைவரின் பிறந்தநாள் பேனர், தெருமுனையில் காற்றில் விழுந்து கிடந்தது. தலைவர் முகம் தரையைப் பார்க்கும்படி மரியாதையாகத் திருப்பிப் போட்டிருப்பார். விடிந்ததும் பேனரை இழுத்து, வளைந்துபோன தோசைக்கரண்டியால் எச்சத்தைச் சுரண்டி, மேலே மரத்தூள் தூவிவிட்டுத்தான் பூசைக்குக் கிளம்புவார். சுரண்டியது காய்ந்த இலையோடு சேர்ந்து சிமெண்ட் சாக்குக்குள் போய் எருவாகும். ரோஜாத் தொட்டி வைத்திருப்பவர்கள் கேட்டால் ஒரு டப்பா கிடைக்கும்.

இப்படி யாருக்கும் தொந்தரவில்லாமல் ஒருவர் வாழ்ந்தால் அதிகாரிகள் வராமல் என்ன செய்வார்கள்?

வந்தார்கள். நகரத் தூய்மை மண்டலி என்று ஒன்று புதிதாகத் தொடங்கியிருக்கிறார்கள். மண்டலி என்றால் வாரியம். அதில் வளர்ப்புப் பறவை எச்ச மேற்பார்வைப் பிரிவு என்று ஒரு பிரிவு. அந்தப் பிரிவின் இன்ஸ்பெக்டர் நாராயணசாமியும், வீணா என்கிற ஆலோசகரும் ஒரு காலையில் கதவைத் தட்டினார்கள். வீணாவின் கையில் டேப்லெட் இருந்தது. நாராயணசாமியின் கையில் ஒன்றுமில்லை, அதனால் பின்னால் கட்டியிருந்தார். சத்தம் கேட்டு நானும் போய் நின்றேன். போனது தப்பு. "நீங்க சாட்சி" என்று சொல்லிவிட்டார்கள்.

"உங்க மேல ஆப்ல ஒரு கம்ப்ளைண்ட்டும்மா" என்றார் நாராயணசாமி.

"இன்னா சார் கம்ப்ளைண்ட்? நாத்தமா?"

"நாத்தம்னா பரவால்லியே, எடுத்துக் கொட்டிட்டுப் போயிடலாம். இது வேற." வீணாவைப் பார்த்தார். வீணா டேப்லெட்டைப் பார்த்துப் படித்தார்: "கோழி இருக்கு, எச்சத்தையே காணோம்."

ஆஞ்சலாக்காவுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

"காணோம்னா நல்லதுதானே சார்? நான் தெனம் கூட்டறேன்."

"கூட்டி எங்கம்மா அனுப்பறீங்க?" நாராயணசாமி கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். மறுபடி உறிஞ்சினார். மனுஷன் முகம் கறுத்துவிட்டது. "நோடி, பாருங்க வீணா மேடம், வாசனையே இல்ல. இதுதான் டேஞ்சர். நாத்தம் இருந்தா திருடன் ஊட்ல இருக்கான்னு அர்த்தம். நாத்தம் இல்லேன்னா ஓடிட்டான்னு அர்த்தம்."

வீணா கணக்குப் போட்டார். ஒரு கோழிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு எச்சம் என்று டேப்லெட்டில் ஒரு சூத்திரம் இருந்தது. ஆறு கோழிக்கு வாரத்துக்கு ஐந்து கிலோ வர வேண்டுமாம். "அந்த அஞ்சு கிலோ எங்க?"

அக்கா ஓடிப்போய் சிமெண்ட் சாக்கைத் திறந்து காட்டினார். வீணா ஒரு பிடி எடுத்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். கறுப்பாக, உதிரியாக, மழை பெய்த மண் போல இருந்தது. அக்கா பெருமையோடு நின்றார்.

"இது எரு" என்றார் வீணா.

"ஆமாம்மா. நல்ல எரு."

"எரு எங்க செக்‌ஷன் இல்ல. அது தோட்டக்கலை. எங்களுக்கு எச்சம் வேணும். ஒரிஜினல் கண்டிஷன்ல."

அடுத்த வாரம் வருவார்களாம். ஐந்து கிலோ ஹிக்கே, அதாவது எச்சம், கண்ணால் பார்க்க வேண்டுமாம். இல்லாவிட்டால் எச்சத்தைக் கள்ளத்தனமாக வேறு வார்டுக்குக் கடத்துவதாக முடிவு செய்து, கோழிகளைப் பாதுகாப்பு மையத்துக்குத் தூக்கிப்போவார்களாம்.

அக்கா அடைக்கோழியைக் காட்டினார். "சார், அது அடையில இருக்குது. அசைச்சா முட்டையெல்லாம் வீணாப்பூடும் சார்."

"அடைக்கு ரூல்ஸ்ல எதுவும் சொல்லல" என்றார் நாராயணசாமி. குரலில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. "யார் கம்ப்ளைண்ட் பண்ணாங்கன்னு மட்டும் கேக்காதீங்க. அது ரகசியம்."

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் போயிருக்கலாம். கோழியைத் தூக்கிப்போவதை விடப் பெரிய நாசத்தை அதுதான் செய்தது. அன்று சாயங்காலமே அக்கா வாசலில் உட்கார்ந்து தெருவை ஒவ்வொரு வீடாக அலச ஆரம்பித்துவிட்டார். இஸ்திரிக்காரர் போன வாரம் முட்டை கேட்டபோது அக்கா இல்லை என்று சொன்னதால் அவராக இருக்கலாம். மூலைவீட்டு எல்லம்மா இப்போதெல்லாம் சிரிப்பதில்லை, அவராக இருக்கலாம். இன்னொருத்தி இப்போதெல்லாம் அதிகமாகச் சிரிக்கிறாள், அவளாகவும் இருக்கலாம்.

"மூணாவது மாடில பிரபான்னு ஒரு பொண்ணு கீதே, கரூர்லேர்ந்து வந்தது, ஒயிட்ஃபீல்டு கம்பெனிக்குப் போவுது" என்றார் என்னிடம். "பால்கனிலேர்ந்து பாத்தா என் கூண்டு நேரா தெரியும். ஒரு வார்த்தை கூடக் கொறை சொன்னதில்ல. அதான் எனக்கு டவுட்டு."

"அது பாவம்க்கா, காலைல கேப்ல போனா இருட்டினப்புறம்தான் வருது."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ ஏன் எல்லாருக்கும் சப்போர்ட்டு பண்ற? அன்னிக்கு அவங்கோ வந்ததும் நீயும் டக்குன்னு வந்து நின்னே இல்ல?"

அன்றோடு எனக்கு முட்டை வரத்து நின்றது.

ஐந்து கிலோவைச் சேர்ப்பது அக்கா நினைத்ததுபோல இல்லை. முதல் நாள் காலையில் தூக்கக் கலக்கத்தில், பழக்கத்தில், பேனரை இழுத்துச் சுரண்டி இலையில் கொட்டிக் கிளறிவிட்டார். அதற்கப்புறம்தான் நினைவு வந்து தலையில் அடித்துக்கொண்டார். எரு ஆகிவிட்டது, செக்‌ஷன் மாறிவிட்டது. மறுநாளிலிருந்து தோசைக்கரண்டியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். எச்சம் குவிந்தது, ஈக்கள் வந்தன. எங்கள் தெருவில் சரித்திரத்திலேயே முதல்முறையாகக் கோழி நாற்றம் அடித்தது. இஸ்திரிக்காரர் சட்டைகளில் நாற்றம் ஏறுகிறதென்று வண்டியை நகர்த்திக்கொண்டார். எல்லம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு போனார். அதைப் பார்த்த அக்கா, "பாத்தியா, மூஞ்சிய மூடிக்கினு போறா. குத்தம் பண்ணவதான் மூஞ்சிய மூடுவா" என்றார்.

இத்தனை பாடுபட்டும் வார முடிவில் நிறுத்துப் பார்த்தால் பாதிகூட வரவில்லை. நாட்டுக்கோழி சின்ன உடம்பு, தோட்டமெல்லாம் மேய்ந்து வழியில் எங்கெங்கோ போட்டுவிட்டு வரும். வீணாவின் சூத்திரம் பண்ணைக் கோழிக்குப் போட்டதென்று யாருக்குத் தெரியும்? அக்கா அழ ஆரம்பித்துவிட்டார். "புள்ளி ராவும் பகலும் எழுந்திருக்காம கெடக்குதுடா. அது வயித்தெரிச்சல் சும்மா வுடுமா?"

முட்டை நின்றுபோன கோபம் எனக்கு இருந்தாலும், அழுவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அப்சல் பாய் சிக்கன் கடைக்குப் போனேன்.

"கறி எத்தனி கிலோ?" என்றார் பாய்.

"கறி வேணாம் பாய். கூண்டுக்குக் கீழ இருக்குதே, அது ஒரு ரெண்டு மூணு கிலோ வேணும்."

பாய் கத்தியைக் கீழே வைத்தார். கடைக்கு வெளியே எட்டிப் பார்த்தார். "போலீஸா நீங்க?"

இல்லை என்று நம்பவைக்க நேரமானது. அதற்குப் பிறகும், "மந்திரம் தந்திரம் பண்றதுக்குன்னா என் பேர் எங்கயும் வரக் கூடாது" என்று சொல்லித்தான் பையைக் கட்டிக் கொடுத்தார்.

சொன்ன நாளில் மண்டலி வந்தது. தராசு வைத்து நிறுத்தார்கள். சரியாக ஐந்து கிலோ. அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். நாராயணசாமி மட்டும் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கரெக்டா வந்திருக்கு" என்றார் மெதுவாக.

"ஆமா சார்."

"இவ்ளோ வருஷ சர்வீஸ்ல சர்க்கார் கணக்கு எங்கயும் கரெக்டா வந்து நான் பாத்ததில்ல." வீணாவைத் திரும்பிப் பார்த்தார். "லேபுக்கு அனுப்புங்க மேடம்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை இங்கிருந்து ஆரம்பம். பரிசோதனைக் கூடம் தன் கடமையைச் செய்தது. எச்சத்தில் பாதி நாட்டுக்கோழி, பாதி பிராய்லர். இந்த முகவரியில் பிராய்லர் கோழி கிடையாது. ஆகவே எங்கேயோ ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே ரகசியப் பண்ணை. இதற்கு இன்ஸ்பெக்டர் போதாது, சிறப்பு அதிகாரி வேண்டும்.

சிறப்பு அதிகாரி கோவிந்தப்பா ஜீப்பில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், வெள்ளை ஷூ. எச்சப் பிரிவில் இருந்துகொண்டு தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்துகிறவர் எச்சத்தின் பக்கமே போனதில்லை என்று பார்த்ததும் தெரிந்தது. பின்னால் நாராயணசாமி, வீணா, கம்பிக் கூடைகளோடு இரண்டு ஆட்கள். புள்ளியின் முட்டைகள் பொரிய இன்னும் இரண்டு மூன்று நாள்தான் இருந்தது. அக்கா கூண்டு வாசலை மறித்து நின்றுகொண்டார்.

முதலில் வீட்டைச் சோதனை போட்டார்கள். கட்டிலுக்குக் கீழே, தண்ணீர் டிரம்முக்குள், கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் வைத்திருந்த அட்டைப்பெட்டிக்குள் எல்லாம் பிராய்லரைத் தேடினார்கள். நாராயணசாமி ஆட்டிடையன் பொம்மையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார். அப்புறம் கூண்டுக்குள் கையை விட்டு ஃப்ளெக்ஸைப் பிடித்து இழுத்துத் திருப்பினார்கள்.

தலைவர் கைகூப்பிச் சிரித்தார்.

மண்டலி முழுவதும் விறைப்பாக நின்றது. ஓர் ஆள் தொப்பியைக் கழற்றினார். கோவிந்தப்பா சுற்றிலும் பார்த்தார், தெருவே மதில் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. "இதை யாரும் பாக்கல" என்றார். தலைவரைத் திரும்பவும் கவிழ்த்து, முன்பு இருந்த இடத்திலேயே, ஓரம்கூடக் கோணாமல் விரித்தார்கள். அன்று நடந்ததிலேயே பக்தியோடு செய்யப்பட்ட வேலை அது ஒன்றுதான்.

பிறகு கோவிந்தப்பா துவைக்கிற கல் மேல் ஏறிப் பேசினார். நாலு பேர் கூடிவிட்டால் பேசாமல் இருக்க அவரால் முடியாது போலிருக்கிறது.

"சகோதர சகோதரிகளே, மண்டலி சுத்தத்துக்கு எதிரி அல்ல. ஆனா நீங்களே சுத்தம் பண்ணிட்டா நாங்க எதுக்கு? இந்த அம்மா மாதிரி ஆளாளுக்குக் கூட்டிட்டா எங்களுக்குன்னு என்ன மிஞ்சும்? இந்தப் பிரிவுல நூத்துக்கணக்கான குடும்பம் இருக்கு. எல்லாரும் எச்சத்தை நம்பித்தான் சாப்பிடறோம்."

யாரோ சிரித்துவிட்டார்கள். கோவிந்தப்பாவுக்குக் காரணம் விளங்கவில்லை. கூடைகளைத் திறக்கச் சொன்னார். முதல் கோழி கத்திக்கொண்டே உள்ளே போனது, அப்புறம் இரண்டாவது. அக்கா புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு, "மாதாவே, மாதாவே" என்று நடுங்கினார். பார்க்கச் சகிக்கவில்லை. ஐந்தும் உள்ளே போய்ப் புள்ளி மட்டும் பாக்கி இருந்தபோது, மூன்றாவது மாடியிலிருந்து செருப்புச் சத்தம் தடதடவென்று இறங்கி வந்தது. தோளில் லேப்டாப் பையும் கழுத்தில் கம்பெனி அட்டையுமாகப் பிரபா.

"சார், விட்டுடுங்க சார். அதைப் போட்டது நான்தான்."

தெரு மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது. அக்கா, "பாத்தியா, நான் சொன்னேன் இல்ல?" என்று என்னைப் பார்த்தார்.

"ஆனா அது கம்ப்ளைண்ட் இல்ல சார்" என்றாள் பிரபா. அழுகிற குரல். "பாராட்டு."

"என்னது?"

"பால்கனில நின்னு தினமும் பாப்பேன் சார். எங்க ஊர்ல கோழிக்கூண்டுப் பக்கம் மூக்கைப் பொத்திட்டுத்தான் போகணும். ஆன்ட்டி அவ்ளோ அழகா வச்சிருப்பாங்க. கோழி இருக்கு, எச்சத்தையே காணோம், சூப்பர்னு எழுதினேன். நாங்க சாப்பாடு வந்தாலும் கேப் வந்தாலும் அஞ்சு ஸ்டார் போட்டே பழகிட்டோமா, அந்தப் பழக்கத்துல போட்டுட்டேன். உங்க ஆப்ல பாராட்டுக்கு இடமே இல்ல சார். எதைப் போட்டாலும் புகார் வகை என்னன்னு கேட்டுச்சு. பறவை எச்சம்னு ஒண்ணு இருந்துச்சு, அதைத் தொட்டுட்டேன்."

கோவிந்தப்பா வீணாவைப் பார்த்தார். வீணா டேப்லெட்டைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "கடைசில சூப்பர்னு இருக்கு சார். அது ஒரு கெமிக்கல் பேர்னு நெனச்சோம்" என்றார்.

"ஒருத்தரைப் பத்தி இன்னொருத்தர் எதுக்கும்மா பாராட்டா எழுதணும்?" கோவிந்தப்பா பிரபாவைக் கூர்ந்து பார்த்தார். "நீ இவங்களுக்குச் சொந்தமா?"

"இல்ல சார். பேசினதுகூட இல்ல."

"அப்ப இன்னும் சந்தேகமா இருக்கே."

கல்லை விட்டு இறங்கினார். திடீரென்று அவர் குரலில் அதிகாரம் போய்க் கெஞ்சல் வந்துவிட்டது. "சரிம்மா, பாராட்டாவே இருக்கட்டும். ஆனா புகார்னு நம்பர் விழுந்துடுச்சே, அதை நான் எப்படி மூடறது? குத்தம் கண்டுபுடிச்சாத்தான் மூட முடியும். எச்சம் காணோம்னு புகார். எச்சம் கெடைக்கற வரைக்கும் அது தெறந்தே கெடக்கும், எனக்கு மேலிருந்து மெமோ வரும். குத்தமே பண்ணாதவங்களை வச்சிக்கிட்டு நான் என்னதான் பண்றது?" ஆட்களைப் பார்த்துக் கையை அசைத்தார். "அதையும் எடுங்க."

அக்கா அலறினார். ஆள் குனிந்து, புள்ளியை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கித் திரும்பினார்.

அடைக்கோழியைப் பற்றித் தெரிந்த யாரும் அந்த நேரத்தில் அதன் பின்பக்கம் நிற்க மாட்டார்கள். முட்டையை விட்டு எழுந்திருக்க மனசில்லாமல் நாளெல்லாம் அடக்கி வைத்திருக்கும். எழுப்பினால் மொத்தத்தையும் ஒரே தடவையில் இறக்கிவிடும். மற்றக் கோழி போடுவதைப் போலப் பல மடங்கு இருக்கும், நாற்றமும் அப்படித்தான். புள்ளி அதைக் கோவிந்தப்பாவின் வலது ஷூவில் இறக்கியது.

மதில் மேல் இருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள், பயத்தில் பாதி, நாற்றத்தில் பாதி. போச்சு, இனி ஜெயில்தான் என்று நான் நினைத்தேன்.

நாராயணசாமி மண்டியிட்டு உட்கார்ந்தார். "சார்! அசையாதீங்க சார்! ஹிக்கே!"

"ஒரிஜினல் கண்டிஷன்!" என்றார் வீணா.

கோவிந்தப்பா குனிந்து பார்த்தார். ஒரு மனிதனின் முகம் அப்படி மலர்ந்ததை நான் கல்யாண வீடுகளில்கூடப் பார்த்ததில்லை. "கெடைச்சிடுச்சா?"

"கெடைச்சிடுச்சு சார்!"

வீணா நாலு பக்கமும் சுற்றி வந்து ஷூவைப் படமெடுத்தார். இடம், நேரம் எல்லாம் டேப்லெட்டில் ஏறியது. 'காணாமல் போன எச்சம் அதிகாரியால் நேரடியாகக் கண்டெடுக்கப்பட்டது' என்று அடித்ததும் டிங் என்று ஒரு சத்தம் வந்து புகார் மூடிக்கொண்டது. ரகசியப் பிராய்லர் பண்ணையைப் பற்றி அதற்கப்புறம் ஒருவரும் பேசவில்லை. கூடைகளைக் கவிழ்த்துக் கோழிகளை விட்டுவிட்டார்கள். புள்ளி ஆளின் கையிலிருந்து குதித்து, ஒரே ஓட்டமாக ஓடி முட்டைகள் மேல் உட்கார்ந்துகொண்டது. ஆதாரம் கலைந்துவிடக் கூடாது என்று கோவிந்தப்பா வலது காலைத் தரையில் ஊன்றாமல், நாராயணசாமியின் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டே ஜீப்புக்குப் போனார்.

பிரபா தலையைக் குனிந்து நின்றாள். அக்கா போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம்மா, நல்லா கீதுன்னு தோணினா எறங்கி வந்து என்னாண்ட சொல்லு. ரெண்டு முட்டை தருவேன். கவர்மெண்டாண்ட மட்டும் சொல்லாதம்மா."

மூன்றாம் நாள் முட்டைகள் பொரிந்தன. அதில் ஒன்று சேவல்குஞ்சுதான் என்று அக்கா அது நிற்கும் தோரணையைப் பார்த்தே சொன்னார். எனக்கு முட்டை வரத்து திரும்பியது. தோசைக்கரண்டியும் அலமாரியிலிருந்து வெளியே வந்தது. ஆனால் ஒரு வழக்கம் மட்டும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. தினமும் கூண்டைச் சுரண்டியதும், ஒரே ஒரு துளி எச்சத்தை மட்டும் எடுத்து, வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து மூடி வைக்கிறார். மண்டலிக்கு.

போன வாரம் நாராயணசாமி தனியாக வந்திருந்தார். அக்கா கொட்டாங்குச்சியைத் தூக்கிக் காட்டினார். பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். ஆனாலும் உடனே போகவில்லை. பின்பக்கம் போய்க் குஞ்சுகளைப் பார்த்தார், கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார், மூக்கை உறிஞ்சினார். தெருவில் யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அக்காவின் பக்கம் குனிந்தார்.

"அம்மா, சொல்லக் கூடாது. ஆனா ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்க."

அக்கா பதறிப்போனார்.

"மெள்ள பேசுங்கோ சார். யார் காதுலயாச்சும் வுழுந்துடப் போவுது."